பதினோரு பேரை நம்பி ஒரு சீசனைத் தாண்ட முடியாது: கழக நிர்வாகத்துக்கு ஆதரவாளர்களின் திறந்த மடல்

கழகத் தலைவர், இயக்குநர் குழுவினர், விளையாட்டு இயக்குநர் ஆகியோருக்கு,

வணக்கம்.

சீசன் பாதியைத் தொடும் முன்பே நம் கால்பந்து அணியின் பெஞ்ச், அதாவது மாற்று வீரர்களின் இருக்கை, காலியாகிவிட்டது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் உங்களிடமிருந்து வரும் விளக்கம் ஒன்றுதான்: காயங்கள் படுத்துகின்றன, நேரம் சரியில்லை. அந்த விளக்கத்தை நாங்கள் ஏற்கவில்லை என்று சொல்லத்தான் இந்த மடல். எந்த வீரருக்கு எந்த நாளில் காயம்படும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு சீசனில் மொத்தம் எத்தனை காயங்கள் வரும் என்பதை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். அந்தக் கணக்கைப் போடாமல் அணியைக் கட்டியிருக்கிறீர்கள்.

ஐரோப்பாவின் முன்னணிக் கழகங்களில் ஏற்படும் காயங்களை ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா 2001 முதல் பதிவு செய்து வருகிறது. ஸ்வீடன் மருத்துவர் யான் எக்ஸ்ட்ராண்டின் தலைமையில் தொடங்கிய அந்த ஆய்வு தரும் கணக்கு இது: 25 பேர் கொண்ட அணிக்கு ஒரு சீசனில் சுமார் 50 காயங்கள், அதாவது ஆளுக்கு இரண்டு. அவற்றில் பாதி ஒரு வாரத்துக்குள் ஆறிவிடும். எட்டு ஒன்பது காயங்கள் நான்கு வாரத்துக்கு மேல் ஆளை வெளியே உட்கார வைத்துவிடும். தசைக் காயங்கள் மட்டும் சுமார் 15. இதிலும் தொடைப் பின்தசைக் காயங்கள் ஏறிக்கொண்டே போகின்றன. 2001/02-ல் மொத்தக் காயங்களில் 12 சதவீதமாக இருந்தவை 2021/22-ல் 24 சதவீதம். இவை மருத்துவக் குழுவுக்கும் உடற்பயிற்சி நிபுணர்களுக்கும் குறைவே இல்லாத கழகங்களின் எண்கள். நமக்கு அதைவிடக் குறைவாகத்தான் வரும் என்று எதை வைத்து நம்பினீர்கள்?

பட்டியலில் பெயர்கள் போதுமான அளவு இருக்கின்றன என்று சொல்கிறீர்கள். எண்ணும் முறையைத்தான் மாற்றச் சொல்கிறோம். அந்தப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் மூட்டுத் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவரை அடித்துவிடுங்கள். அவர் திரும்ப ஆறு முதல் ஒன்பது மாதம், பல நேரம் அதற்கும் மேல் ஆகும். வேறு கழகத்துக்கு லோனில் (தற்காலிகமாக) போய்த் திரும்பி வந்து, பயிற்சியாளர் ஒரு முறைகூடத் தொடக்க வரிசையில் இறக்காதவர்களை அடித்துவிடுங்கள். சீனியர் ஆட்டம் எதையும் தொடங்கியிராத அகாடமி (கழகத்தின் இளையோர் பயிற்சிப் பிரிவு) பையன்களையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். மிச்சம் இருப்பதுதான் உண்மையான அணி. அதை ஆடுகளத்தின் இடங்களுக்கு எதிரே எழுதிப் பாருங்கள். நாம் ஆடும் 4-3-3 அமைப்பில் (பின்களத்தில் நால்வர், நடுக்களத்தில் மூவர், முன்களத்தில் மூவர்) கோல்கீப்பர் போகப் பத்து இடங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் அங்கேயே பயிற்சி எடுத்த இரண்டு பேர் என்றால் 20. கோல்கீப்பர்கள் மூன்று. கூடுதலாக ஒரு சென்டர் பேக் (பின்வரிசையின் நடுவில் ஆடுகிறவர்), ஒரு நடுக்கள வீரர். இருக்க வேண்டியது மொத்தம் 25.

அந்தக் கூடுதல் இருவர் ஆடம்பரத்துக்குக் கேட்பதில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் அதிக தூரம் ஓடுகிறவர்கள் நடுக்கள வீரர்கள், அதனால் முதலில் தேய்கிறவர்களும் அவர்கள்தான். சென்டர் பேக் கதை வேறு. அவரைச் சோர்வுக்காக அரிதாகத்தான் மாற்றுவார்கள். ஆனால் ஒரே நேரத்தில் இருவர் இல்லாமல் போனால் பின்வரிசையே கலைந்துவிடும். ஒருவருக்குக் காயமும் இன்னொருவருக்கு மஞ்சள் அட்டைத் தடையும் ஒரே வாரத்தில் வருவது எந்த லீக்கிலும் நடப்பதுதான்.

உங்கள் கணக்கில் இன்னொரு பிழையும் இருக்கிறது. பல இடங்களில் ஆடத் தெரிந்த ஒரே வீரரை வலது பின்கள மாற்று என்று ஒரு முறை, தடுப்பு நடுக்கள மாற்று என்று ஒரு முறை, மூன்றாவது சென்டர் பேக் என்று ஒரு முறை எண்ணியிருக்கிறீர்கள். காகிதத்தில் மூன்று ஓட்டைகள் அடைபட்டதாகத் தெரியும். இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் காயம்பட்டதும் ஓர் ஓட்டை திறந்தே கிடக்கும்.

அண்மைய உள்ளூர் ஆட்டத்தில் நடந்ததை நீங்களும் மேலே இருந்து பார்த்தீர்கள். எழுபதாவது நிமிடத்தை ஒட்டி நம் லெஃப்ட் பேக் (இடது பின்கள வீரர்) ஓட்டத்தின் நடுவில் நின்று தொடையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டார். பெஞ்சில் இருந்தவர்கள் இரண்டு கோல்கீப்பர்கள், அகாடமி பையன்கள் நால்வர், சீனியர் வீரர் ஒரே ஒருவர். அவரும் சென்டர் பேக். பயிற்சியாளர் என்ன செய்வார்? ரைட் பேக்கை இடது பக்கம் மாற்றினார். வலது விங்கரை (ஓரமாக ஆடும் முன்கள வீரர்) பின்னுக்கு இழுத்தார். அகாடமி பையன் ஒருவனை விங்கில் இறக்கினார். ஒரு காயத்துக்கு மூன்று இடங்கள் கலைந்தன. வலது காலால் ஆடுகிறவர் இடது ஓரத்தில் பந்தை வாங்கும்போது முதல் தொடுதலே உள்நோக்கித் திரும்புகிறது. கோட்டை ஒட்டி முன்னே அனுப்பும் பாஸ் அவருக்கு இல்லை. எதிரணி அதை ஐந்து நிமிடத்தில் கண்டுகொண்டது. அவர்களுடைய விங்கர் உள்பக்க வழியை மறித்து நின்றார், நம் ஆள் திரும்பத் திரும்பக் கோல்கீப்பருக்கே பந்தைத் திருப்பினார், கோல்கீப்பர் தூக்கி அடித்தார், பந்து அவர்களிடமே போனது. இரண்டு கோலும் அந்தப் பக்கமாகத்தான் வந்தன. அந்தப் பையனையும் பயிற்சியாளரையும் திட்டியவர்கள் இருந்தார்கள். நாங்கள் அவர்கள் இருவரையும் குறை சொல்ல மாட்டோம். கோடையில் இரண்டாவது லெஃப்ட் பேக்கை விற்றுவிட்டு அந்த இடத்துக்கு ஆள் எடுக்காதது யார் முடிவோ, அவர்களிடம்தான் எங்கள் கேள்வி.

ஐந்து மாற்றுகள் என்ற விதி 2020-ல் தற்காலிகமாக வந்தது. 2022-ல் ஆட்ட விதிகளில் நிலைத்துவிட்டது. இடைவேளை போக மூன்று நிறுத்தங்களில் ஐந்து பேரை இறக்கலாம். போட்டி அமைப்பாளர்கள் அனுமதித்தால் பெஞ்சில் 15 பேர் வரை உட்காரலாம். கோல்கீப்பர் நீங்கலாக இறங்கும் பத்துப் பேரில் பாதியை ஓர் அணியால் புதுக்கால்களாக மாற்ற முடிகிறது. கடைசி இருபது நிமிடத்தில் எதிரணி மூன்று தேர்ந்த வீரர்களை இறக்கும்போது நாம் ஒருவரை இறக்கி, மற்ற மாற்றுகளைப் பயன்படுத்தாமலே ஆட்டத்தை முடிக்கிறோம். மெலிந்த அணிக்கு இந்த விதி வரும் முன் இருந்த சங்கடத்தைவிட இப்போது சங்கடம் அதிகம். எதிரில் இருப்பவர்களுக்குக் கிடைத்த பலம் நமக்கு இல்லை.

சோர்வு எப்படிக் காயமாகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் "வீரர்கள் நன்றாகத்தானே ஓடுகிறார்கள்" என்ற பதிலை அடிக்கடி கேட்கிறோம். கிரெகரி டூபோன் குழுவினர் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், வாரம் இரண்டு ஆட்டம் ஆடியவர்களின் ஓட்ட தூரமும் வேக ஓட்டமும் குறையவில்லை. காயமோ 1,000 மணி நேரத்துக்கு 25.6. வாரம் ஒரு ஆட்டம் ஆடியவர்களுக்கு 4.1. ஆறு மடங்கு வித்தியாசம். ஓட்டத்தை அளக்க வீரர் அணியும் ஜிபிஎஸ் பட்டையில் எண் நன்றாகத் தெரியும், தசை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் ஞாயிறு, புதன், சனி என்று மூன்று ஆட்டம் வரும் வாரத்தில் ஒருவர் மூன்றையும் முழுதாக ஆடக் கூடாது. அதைத் தவிர்க்க இன்னொருவர் வேண்டும். இன்னொருவர் இல்லாததால் அதே எட்டுப் பேர் ஆடுகிறார்கள், அவர்களில் ஒருவர் விழுகிறார், மிச்ச ஏழு பேர் மேல் சுமை ஏறுகிறது. விழுந்தவரும் முழுதாக ஆறும் முன் களத்துக்கு வருகிறார், மறுபடி அதே தசை பிடிக்கிறது. திரும்ப வரும் தசைக் காயம் முதல் காயத்தைவிட அதிக நாள் எடுக்கும் என்பதையும் அந்த யூஃபா ஆய்வே காட்டியிருக்கிறது. நம்மிடம் நடப்பது இந்தச் சங்கிலிதான். இதில் நேரம் காலம் எதுவும் இல்லை.

குறைந்த ஆட்களோடு ஜெயித்தவர்களும் உண்டே என்பீர்கள். உண்டு. ஆஸ்டன் வில்லா 1980/81-ல் 42 லீக் ஆட்டங்களை வெறும் 14 வீரர்களைக் கொண்டு ஆடி இங்கிலாந்துச் சாம்பியன் ஆனது. அன்று மாற்று ஒருவர்தான், இன்றைய வேகமும் இல்லை. லெஸ்டர் 2015/16-ல் சாம்பியன் ஆனதையும் சொல்வீர்கள். லெஸ்டர் அந்த சீசனில் எல்லாப் போட்டிகளும் சேர்த்து ஆடியது 43 ஆட்டங்கள்தான். ஐரோப்பியப் போட்டி இல்லை, இரண்டு உள்நாட்டுக் கோப்பைகளிலும் சீக்கிரம் வெளியேறியது, அதனால் பெரும்பாலான வாரங்களில் ஒரே ஆட்டம். நமக்கோ லீக், கோப்பை, கண்டப் போட்டி மூன்றும் ஒன்றாக ஓடுகின்றன. லெஸ்டரின் உதாரணத்தை எடுத்தால் அதன் அட்டவணையையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

நமக்குப் பொருந்துவது இங்கிலாந்தின் லிவர்பூல் கழகத்தின் 2020/21 சீசன். முந்தைய சீசனில் 99 புள்ளிகளோடு சாம்பியன் ஆன அணி. கோடையில் சென்டர் பேக் தேயன் லோவ்ரனை ரஷ்யக் கழகமான ஜெனித்துக்கு விற்றது, அந்த இடத்துக்கு யாரையும் எடுக்கவில்லை. மிஞ்சிய சென்டர் பேக்குகள் மூன்று பேர்: வான் டைக், ஜோ கோமெஸ், மாட்டிப். அக்டோபர் 17 அன்று எவர்ட்டனுக்கு எதிரான ஆட்டத்தில் வான் டைக்கின் முழங்கால் மூட்டு போனது. நவம்பரில் இங்கிலாந்து அணியின் பயிற்சியில் ஜோ கோமெஸ் விழுந்தார். ஜனவரி முடிவில் மாட்டிப்பின் சீசனும் முடிந்தது. தடுப்பு நடுக்கள வீரர் ஃபபின்யோவும் கேப்டன் ஹெண்டர்சனும் பின்வரிசைக்குப் போனார்கள், நடுக்களம் ஓட்டையானது. விண்டோவின் (வீரர்களை வாங்கிப் பதிவு செய்ய அனுமதி உள்ள காலம்) கடைசி நாளில் ஓசான் கபாக்கை லோனிலும் பென் டேவிஸை விலைக்கும் அவசரமாக எடுத்தார்கள். டேவிஸ் லிவர்பூலுக்காக ஒரு போட்டி ஆட்டம்கூட ஆடவில்லை. சொந்த மைதானத்தில் தொடர்ந்து ஆறு லீக் தோல்விகள், அந்தக் கழகத்தின் வரலாற்றில் அதற்கு முன் நடக்காதது. இளம் வீரர்கள் கடைசியில் தாங்கிப்பிடித்து 69 புள்ளியோடு மூன்றாமிடம் வந்தார்கள். ஒரு நான்காவது சென்டர் பேக்கை நிரப்பாமல் விட்டதில் தொடங்கியது அத்தனையும். லிவர்பூலிடம் மீண்டு வரும் அளவு தரம் இருந்தது. நம்மிடம் அந்த அளவு தரம் கிடையாது.

இன்னொரு இங்கிலாந்துக் கழகமான டாட்டன்ஹாமின் பாடம் இன்னும் மெதுவாக வலிப்பது. 2018 கோடையில் அவர்கள் ஒரே ஒரு வீரரைக்கூட வாங்கவில்லை. அடுத்த ஜனவரியிலும் இல்லை. அந்த சீசனில் சாம்பியன்ஸ் லீக் இறுதிக்கே போனார்கள், அதனால் முடிவு சரிதான் என்று தோன்றியது. அடுத்த சீசனின் நவம்பரில் பயிற்சியாளர் பொச்செட்டினோ பதவி இழந்தார். ஆள் எடுக்காமல் ஒரு விண்டோவைக் கடத்திவிட்டு, முடிவுகள் வருகின்றனவே என்று நீங்கள் முந்தைய சீசனில் மகிழ்ந்தது எங்களுக்கு நினைவிருக்கிறது. பாத்திரத்தின் அடியில் ஒட்டியதைச் சுரண்டி இரண்டு வேளை சமாளிக்கலாம், மூன்றாவது வேளைக்கு அடுப்பு எரிந்தாக வேண்டும்.

பணம் இல்லை என்ற பதிலுக்கு வருவோம். கடன் வாங்கி நட்சத்திரங்களை வாங்குங்கள் என்று நாங்கள் கேட்கவே இல்லை. சம்பளம், டிரான்ஸ்ஃபர் தவணை, ஏஜென்ட் கட்டணம் மூன்றும் சேர்ந்து வருமானத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற யூஃபாவின் விதியை நாங்களும் நல்ல விதி என்றே நினைக்கிறோம். அந்த எல்லைக்குள் பணம் எங்கே போனது என்பதுதான் கேள்வி. கோடைப் பணத்தில் பெரும்பங்கு ஒரே முன்கள வீரருக்குப் போனது. அவர் நல்ல வீரர், சந்தேகமே இல்லை. அவருக்குப் பின்னால் இருக்கும் ஆறு இடங்களில் மாற்று இல்லாதபோது அவருக்குப் பந்தே வருவதில்லை. மாற்று வீரர் என்றால் விலை உயர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை. சீசனுக்கு 1,200 நிமிடம் நம்பி ஆட வைக்கக்கூடிய, அந்த இடத்திலேயே வளர்ந்த, உடம்பு நிலைத்து நிற்கிற ஒருவர் போதும். அவரைத் தேடும்போது கோல், அசிஸ்ட் பட்டியலை முதலில் பார்க்க வேண்டாம். கடந்த மூன்று சீசன்களில் எத்தனை ஆட்டங்களுக்குத் தயாராக இருந்தார் என்று பாருங்கள்.

இதற்கு விதிகளிலேயே மலிவான வழிகள் திறந்திருக்கின்றன. ஒப்பந்தம் முடிய ஆறு மாதமோ அதற்குக் குறைவோ இருக்கும் வீரரோடு, அவருடைய கழகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, அடுத்த சீசனுக்கான ஒப்பந்தத்தை இப்போதே பேசலாம். விண்டோ மூடும் முன்பே ஒப்பந்தம் முடிந்திருந்த வீரரை விண்டோ மூடிய பிறகும் பதிவு செய்ய உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி இடம் தருகிறது. போட்டியின் பதிவுக் கெடு மட்டும் தடையாக இல்லாமல் இருக்க வேண்டும். அப்படி எடுப்பவர் மாதக்கணக்கில் அணிப் பயிற்சி இல்லாமல் இருந்திருப்பார், ஆட்டத் தகுதிக்கு வரக் குறைந்தது நான்கு ஐந்து வாரம் ஆகும். ஆள் விழுந்த பிறகு தேடத் தொடங்கினால் இந்த வழியும் பயன்படாது. சர்வதேச லோன்களில் 2024 ஜூலை முதல் ஒரு கழகத்துக்கு உள்ளே ஆறு, வெளியே ஆறு என்பது எல்லை. 21 வயது வரை உள்ள, கழகமே வளர்த்த வீரர்களுக்கு விலக்கு உண்டு. நம் இளம் வீரர்கள் மூவரை ஜனவரியில் திரும்ப அழைக்கும் உரிமை இல்லாமல் சீசன் முழுவதுக்கும் அனுப்பியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்க ஒரு காசும் செலவில்லை.

ஒப்பந்தங்கள் முடியும் தேதிகளும் ஒரே கோடையில் குவிந்து கிடக்கின்றன. முடிய 18 மாதம் இருக்கும்போதே புதுப்பிப்பதா விற்பதா என்று முடிவெடுத்திருந்தால் விலையாவது கிடைத்திருக்கும். ஆறு மாதத்துக்கு வந்துவிட்டால் வீரர் வேறு கழகத்தோடு கையெழுத்துப் போட்டுவிட்டு இலவசமாகப் போவார், அந்த இடத்தை நிரப்பப் பணமும் இருக்காது. ஒப்பந்தம் முடிந்த வீரர் இலவசமாக வேறு கழகத்துக்குப் போகலாம் என்ற 1995-ன் போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு இது எல்லாக் கழகங்களும் அறிந்த விஷயம்.

கடைசி நாள் கொள்முதலைப் பற்றி ஒரு சொல். ஆறு வாரத் தயாரிப்பைத் தவறவிட்டு வரும் வீரருக்கு, அணி எப்போது அழுத்துகிறது, பந்து போனதும் யார் எங்கே நிற்க வேண்டும் என்பது பிடிபடவே இரண்டு மாதம் ஆகிறது. அதற்குள் சீசனின் கணிசமான பங்கு ஓடிவிடும். தேவை என்ன என்று வீரர்களைத் தேடும் ஸ்கவுட்டிங் பிரிவுக்குத் தெரிய வேண்டியது விண்டோ திறக்க நான்கு மாதம் முன்பு. ஓர் இடத்துக்கு ஐந்து பெயர்களாவது வரிசையாக, விலை, சம்பளம், காய வரலாறு, விசா நிலவரத்தோடு தயாராக இருக்க வேண்டும். முதல் பெயர் கிடைக்காவிட்டால் இரண்டாவதுக்கு எந்தத் தேதியில் நகர்வது என்பதும் அதில் எழுதியிருக்க வேண்டும். முதல் பெயருக்காகவே கடைசி வாரம் வரை காத்திருந்துவிட்டு வெறுங்கையோடு நின்றதுதான் கோடையில் நடந்தது.

தேசிய அணிக் கடமையையும் கணக்கில் சேருங்கள். கண்டக் கோப்பைகளுக்கு வீரரை விட வேண்டியது கட்டாயம். சீசன் நடுவில் நடக்கும் ஆப்பிரிக்கக் கோப்பை, ஆசியக் கோப்பை போன்றவை ஒரு மாதத்தை விழுங்கும். ஒரே இடத்தின் முதல் வீரரும் மாற்று வீரரும் ஒரே கோப்பைக்குப் போகும்படி அணி கட்டுவது தேதி பார்க்காமல் செய்த வேலை.

அகாடமி பையன்களைப் பற்றி எங்களுக்குத் தனிக் கவலை இருக்கிறது. அவர்கள் மேலே வருவது எங்களுக்குப் பெருமை. ஆனால் 18 வயதுக்காரர் மூன்றாவது தெரிவாக இருந்து, இரண்டு கோல் முன்னணியில் இருபது நிமிடம், கோப்பையின் தொடக்கச் சுற்றில் ஒரு முழு ஆட்டம் என்று வளர வேண்டும். இப்போது முதல் தெரிவாக, பழக்கமில்லாத இடத்தில், தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்தில் இறங்குகிறார்கள். டாட்டன்ஹாம் 2024/25-ல் காய அலையில் சிக்கியபோது 18 வயது நடுக்கள வீரர் ஆர்ச்சி கிரே வாரக்கணக்கில் சென்டர் பேக்காக ஆடினார். அவர் அஞ்சாமல் ஆடினார் என்று எல்லோரும் பாராட்டினார்கள். அணி யூரோப்பா லீக்கை வென்றும் லீக்கில் 17-ஆம் இடத்தில் முடிந்தது. வளரும் உடம்பின் மேல் இப்படிச் சுமை ஏற்றுவதற்கான விலை அந்தப் பையன்களின் 22, 23 வயதில்தான் தெரியவரும்.

ஆகவே நாங்கள் கேட்பது இவை. அடுத்த விண்டோ திறக்கும் முன் இரண்டாவது லெஃப்ட் பேக், தடுப்பு நடுக்கள மாற்று, நான்காவது சென்டர் பேக் ஆகிய மூன்று இடங்களுக்கும் என்ன திட்டம் என்று எழுத்தில் சொல்லுங்கள். பெயர்கள் வேண்டாம், பேரம் கெடும் என்பது எங்களுக்குத் தெரியும். விண்டோவின் முதல் பத்து நாளுக்குள் இவற்றில் குறைந்தது இரண்டு இடங்கள் நிரம்ப வேண்டும். வழக்கமாக ஆடும் வீரர் எவரும் கழகத்தை விட்டுக் கிளம்பும் முன் அவர் இடத்துக்கு ஆள் வந்திருக்க வேண்டும். லோன் ஒப்பந்தங்களில் திரும்ப அழைக்கும் உரிமையைச் சேருங்கள். ஒரு வீரர் மைதானம் திரும்பும் நாளை மருத்துவப் பிரிவுத் தலைவர் முடிவு செய்ய வேண்டும், சனிக்கிழமை ஆட்டத்தின் முக்கியத்துவம் அதை மாற்றக் கூடாது. வாரம் ஒரு முறை யார் காயத்தில் இருக்கிறார்கள், தோராயமாக எத்தனை வாரம் என்று கழகமே வெளியிட்டால் வதந்திக்கு வேலை இருக்காது. மருத்துவ விவரம் வீரரின் தனிப்பட்ட விஷயம், அதை நாங்கள் கேட்கவில்லை.

பயிற்சியாளரை நீக்கி இந்தக் கோபத்தைத் தணிக்கலாம் என்ற பேச்சு அடிபடுகிறது. அதைச் செய்ய வேண்டாம். புதிதாக வருகிறவரும் அதே பெஞ்சைத்தான் திரும்பிப் பார்ப்பார். அவருக்கும் பழையவருக்கும் சேர்த்துச் சம்பளம் கொடுக்கும் பணத்தில் ஒரு லெஃப்ட் பேக்கை எடுத்துவிடலாம்.

இந்த அணியை வெயிலிலும் மழையிலும் தொலைதூர மைதானங்களுக்குப் பின்தொடர்ந்து போகிறவர்கள் நாங்கள். தோல்வியை எங்களால் தாங்க முடியும். தவிர்த்திருக்கக்கூடிய தோல்வியைத் தாங்குவதுதான் கடினமாக இருக்கிறது. உங்கள் பதிலை விண்டோ திறக்க இரண்டு வாரம் முன்பாவது எதிர்பார்க்கிறோம். நேரில் பேசலாம் என்றால் வரத் தயார். அந்தக் கூட்டத்தில் விளையாட்டு இயக்குநரும் மருத்துவப் பிரிவுத் தலைவரும் உட்கார வேண்டும். மக்கள் தொடர்பு அலுவலரை மட்டும் அனுப்பி வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
கழகத்தின் சீசன் டிக்கெட் ஆதரவாளர்கள்